அடிப்பிடிக்க வைக்கும் கலை

உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால் தீய்ந்துபோன உப்புச்சீடை போல இருக்கும். கறுப்பு நிறம், லேசான மினுமினுப்பு. மிளகு அளவில் சில, கொண்டைக்கடலை அளவில் சில. விரலால் அழுத்தினால் நசுங்காது, குலுக்கினால் கலகலவென்று ஓடும். பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலைகளில் இதற்கு 'ஷாட் கோக்' என்று பெயர். பறவை வேட்டைத் துப்பாக்கியில் போடும் ஈயக் குண்டுகளை நினைத்து வைத்த பெயர் அது.

ஒரு பிடி என்றால் விளையாட்டுச் சாமான். ஆயிரம் டன் என்றால் கதை வேறு. பத்து மாடி உயர இரும்புத் தொட்டிக்குள் இந்த உருண்டைகள் குவிந்து கிடக்கின்றன. அடிக்கதவைத் திறந்ததும் குதிரிலிருந்து நெல் சரிவது போல அத்தனையும் ஒரே மூச்சில் சரிகிறது. உள்ளே எங்கோ தண்ணீர் எட்டாமல் ஆறாத சூடு பதுங்கியிருந்தால், சரிவோடு கொதிநீரும் நீராவியும் சேர்ந்து சீறி வரும். கோக்கர் பிரிவில் வேலை பார்ப்பவர்கள் ஷாட் கோக் என்றதும் முகம் சுளிப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் இதே உருண்டைகளை வேண்டி விரும்பி உண்டாக்க மருந்து தேடியவர்களும் இருக்கிறார்கள். ஒரு ஆலை இது வரக்கூடாது என்று ஒன்றைச் சேர்க்கிறது, இன்னொன்று இதுதான் வரவேண்டும் என்று வேறொன்றைச் சேர்க்கப் பார்க்கிறது. ஆலைப் பேச்சில் அதை 'அடிட்டிவ்' அல்லது வெறுமனே 'கெமிக்கல்' என்பார்கள். நான் சேர்மானம் என்கிறேன், சமையல்கட்டில் புழங்கும் சொல் என்பதால். இந்தத் தொழிலே ஒருவகையில் அடிப்பிடிக்க வைக்கும் சமையல்தான்.

முதலில் கோக் என்ற பெயர். நம் பாடப்புத்தகங்கள் இதைக் கற்கரி என்கின்றன. ஆனால் அது நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டு எடுப்பது, இரும்பு ஊதுலைக்குப் போவது. நாம் பேசுவது கச்சா எண்ணெயின் அடிக்கசடைச் சூடாக்கிப் பெறும் கரி. சிமென்ட் ஆலைக்காரர்கள் இதைப் பெட்கோக் என்பார்கள்.

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் பெட்ரோலுக்கான நாஃப்தாவும் மண்ணெண்ணெயும் டீசலும் மேலே ஏறிவிடும். மிச்சத்தை வெற்றிட நிலையில் மறுபடி வடித்தால் இன்னும் கொஞ்சம் கனமான எண்ணெய் கிடைக்கும். அதற்கும் கீழே தங்குவதுதான் 'வேக்குவம் ரெசிடியூ' எனும் கசடு. ஆறினால் சாலைத் தார் போல இறுகும். இதில் கரியணுக்கள் அதிகம், ஹைட்ரஜன் குறைவு. டீசலாக வேண்டுமானால் ஹைட்ரஜன் வேண்டும். வெளியிலிருந்து ஹைட்ரஜனை ஊட்டுவது ஒரு வழி, செலவு பிடித்த வழி. இன்னொரு வழி பாகப்பிரிவினை. கசட்டிலுள்ள மூலக்கூறுகளில் ஒரு பகுதி ஹைட்ரஜனைச் சுருட்டிக்கொண்டு எண்ணெயாகக் கிளம்பிவிடும், மறுபகுதி கரியைச் சுமந்துகொண்டு கோக்காக உட்கார்ந்துவிடும். இந்தப் பாகப்பிரிவினையை நடத்துவதுதான் கோக்கர்.

எவ்வளவு கோக் வரும் என்பதற்குப் பொறியாளர்கள் ஒரு குத்துமதிப்புக் கணக்கு வைத்திருக்கிறார்கள். கசடைச் சிறு கிண்ணத்தில் காற்றுப்படாமல் சுட்டு, மிஞ்சும் கரி எத்தனை சதவீதம் என்று பார்க்கும் கான்ராட்சன் சோதனை ஒன்று உண்டு. அந்த எண்ணை 1.6 ஆல் பெருக்கினால் கோக்கின் அளவு தெரிந்துவிடும். சோதனையில் 20 என்று வந்தால், 100 டன் கசடில் சுமார் 32 டன் கோக். மூன்றில் ஒரு பங்கு கரியாகப் போகிறது என்று வயிறெரியும் முதலாளிகள், மீதி மூன்றில் இரண்டு பங்கு வாயுவாகவும் எண்ணெயாகவும் மீண்டதே என்று தேற்றிக்கொள்ள வேண்டியதுதான். மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் ஆலைக்கும் ஆண்டுக்கு 22 லட்சம் டன் கசடைக் கையாளும் கோக்கர் சில ஆண்டுகளுக்கு முன்பு வந்துவிட்டது.

தொடக்கத்தில் கோக் யாருக்கும் வேண்டாத விருந்தாளி. 1913இல் வில்லியம் பர்ட்டன் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து வைட்டிங் ஆலையில் கனமான எண்ணெயை அழுத்தத்தில் சூடாக்கி உடைத்துப் பெட்ரோல் எடுக்கத் தொடங்கியபோது, கொதிகலனின் அடியில் கரி அப்பிக்கொண்டது. ஓரிரு நாள் ஓட்டம், பிறகு நெருப்பை அணைத்து, ஆறவிட்டு, ஆட்கள் உள்ளே இறங்கிச் சுரண்ட வேண்டும். பால் அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துத் தேய்த்தவர்களுக்கு அந்த வேலையின் எரிச்சல் புரியும். இங்கே பாத்திரத்துக்குள்ளேயே ஆள் இறங்க வேண்டும் என்பதுதான் வித்தியாசம்.

1930ஐ ஒட்டி அதே வைட்டிங்கில் வந்த மாற்று யோசனை எளிமையானது. கரி உண்டாவதைத் தடுக்க முடியாது, சரி. ஆனால் அது எங்கே உண்டாக வேண்டும் என்று நாம் சொல்லலாமே? கசடை உலைக்குழாய்களில் வெகு வேகமாக ஓடவிட்டு 500 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றுகிறார்கள். வேகம் கூடுவதற்காகக் கொஞ்சம் நீராவியும் உள்ளே விடுகிறார்கள். கரி கட்டுவதற்கு வேண்டிய சூடு ஏறிவிட்டது, ஆனால் கட்டுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. அந்தச் சூட்டோடேயே கசடு பெரிய வெற்று டிரம்முக்குள் போய் விழுகிறது. அங்கே நேரம் தாராளம். உடைந்த இலேசான மூலக்கூறுகள் ஆவியாக மேலே போக, மிச்சம் மணிக்கணக்கில் கரியாக இறுகுகிறது. கரி கட்டுவதை உலையில் நடக்கவிடாமல் டிரம் வரைக்கும் தள்ளிப்போடுவதால் இதற்குத் 'தாமதக் கோக்கிங்' என்று பெயர் வந்தது. பெயரிலேயே செய்முறை அடங்கிய அபூர்வமான தொழில்நுட்பச் சொல் இது.

டிரம்கள் சோடி சோடியாக நிற்கும். ஒன்று நிரம்பும்போது மற்றது காலியாகும். நிரம்பிய டிரம்முக்குள் முதலில் நீராவி விட்டு ஒட்டியிருக்கும் எண்ணெயைத் துரத்துவார்கள். பிறகு தண்ணீர் விட்டு ஆற்றுவார்கள், அதற்கே பல மணி நேரம் பிடிக்கும். தண்ணீரை வடித்து, மேல்மூடியும் அடிக்கதவும் திறந்தபின் கரியை வெட்ட வேண்டும். பழைய நாட்களில் டிரம் நிரம்புவதற்கு முன்பே உள்சுவரை ஒட்டி எஃகுக் கம்பி வடத்தைச் சுற்றி வைத்துவிடுவார்கள். கரி வடத்தைச் சுற்றி இறுகியதும், அதைக் கப்பி போட்டு இழுத்தால் பாளம் பாளமாகப் பிய்த்துக்கொண்டு வரும். 1930களிலேயே நீர்த்தாரை முறை வந்துவிட்டது. இப்போது 200, 300 வளிமண்டல அழுத்தத்தில் பாயும் தண்ணீர், உச்சியிலிருந்து தொங்கும் நீண்ட குழாயின் நுனியிலிருந்து முதலில் நடுவே ஒரு துளை போடும், பிறகு பக்கவாட்டில் சுழன்று சுழன்று அறுக்கும். தேர்ந்த ஆபரேட்டருக்குக் காதுதான் கருவி. தாரை கரியில் மோதும்போது ஒரு மந்தமான முழக்கம். கரி தீர்ந்து இரும்புச் சுவரில் மோதும்போது ஓசை கணீரென்று மாறும். அந்த மாற்றத்தைக் கேட்டதும் அடுத்த படிக்கு இறக்குவார்.

கரி எந்த வடிவில் கட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்து இந்த வெட்டு சுகமாகவோ நரகமாகவோ அமையும். துளைகள் நிறைந்த பாளமாக இருந்தால் அதற்கு 'ஸ்பாஞ்ச் கோக்' என்று பெயர். தண்ணீர் துளை வழியே ஊறி இறங்கி எல்லா இடமும் ஆறும், வெட்டும்போதும் அடக்கமாக விழும். கந்தகமும் உலோகமும் குறைவாக இருந்துவிட்டால் இதற்கு நல்ல விலையும் உண்டு. அலுமினியம் உருக்கும் தொட்டிகளில் நேர்மின்முனையாகப் போவது இந்த வகைக் கோக்தான். ஒரு டன் அலுமினியத்துக்கு 400 கிலோவுக்கு மேல் கார்பன் எரிந்து தீர்கிறது என்பதால் தேவைக்குப் பஞ்சமே இல்லை. ஷாட் கோக்கைத் தொட்டிக்காரர்கள் சீந்த மாட்டார்கள். வழவழப்பான உருண்டைக்குள் ஒட்டுத்தார் ஊறாது, சூட்டில் அளவுக்கு மீறி விரியும். சிமென்ட் சூளையில் எரிக்கலாம் என்றால், அரைவை யந்திரத்தில் அது எளிதில் மசியாது.

சரி, ஏன் ஒரு நாள் பாளம், ஒரு நாள் உருண்டை?

கசட்டிலேயே பெருத்த மூலக்கூறுகள் அஸ்ஃபால்டீன்கள். நடுவில் வளையங்கள் பல ஒட்டிய தட்டையான ஒரு தகடு, அதைச் சுற்றி ஓரங்களில் நீண்ட சங்கிலிகள் என்று மனதில் வரைந்துகொள்ளலாம். இந்தச் சங்கிலிகளின் தயவில்தான் அது சுற்றியுள்ள எண்ணெயில் கரைந்து கிடக்கிறது. சூடு ஏறினால் முதலில் அறுபடுவது சங்கிலிகள். அவை இலேசான எண்ணெயாகப் பறந்துவிட, மொட்டையான தகடுகள் மட்டும் மிஞ்சும். மொட்டைத் தகடுகளுக்கு எண்ணெயில் இடமில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அப்பளக் கட்டு மாதிரி அடுக்கிக்கொண்டு தனியே பிரிந்துவிடும். பிரிந்தபின் தகட்டுக்குத் தகடு பிணைந்து கரியாவது சீக்கிரமே நடந்துவிடுகிறது.

1993இல் எக்ஸான் ஆய்வாளர் இர்வின் வீஹே இதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி காட்டினார். கனடாவின் கோல்டு லேக் பகுதிக் கசடை 400 டிகிரியில் வைத்து நேரத்துக்கு நேரம் எடுத்துப் பார்த்தார். தொடக்கத்தில் வெகுநேரம் கோக் துளியும் இல்லை. அஸ்ஃபால்டீன் மட்டும் ஏறிக்கொண்டே போனது. அது ஓர் உச்சத்தைத் தொட்டு இறங்க ஆரம்பித்த அதே கட்டத்தில் கோக் தலைகாட்டியது. கரி கட்டுவது சூட்டின் வேலை மட்டுமல்ல, கரைதிறன் பற்றிய விவகாரமும்கூட என்பது இதிலிருந்து தெளிந்தது. சேர்மானத்தால் ஏதாவது செய்யலாம் என்ற நம்பிக்கைக்கு அடிப்படையும் இதுதான். ரசாயனப் பிணைப்பு அறுவதைச் சில துளி மருந்தால் மாற்றுவது கடினம். ஆனால் எது எப்போது எண்ணெயிலிருந்து பிரிய வேண்டும் என்பதில் கைவைக்க முடியும்.

ஷாட் கோக் பிறக்கும் விதம் இப்போது விளங்கும். கசட்டில் அஸ்ஃபால்டீன் மிகுதி, அதைக் கரைத்து வைக்கக்கூடிய, வளைய மூலக்கூறுகள் நிறைந்த அரோமேட்டிக் எண்ணெய் குறைவு என்றால், கனமான பகுதி சட்டென்று துளித்துளியாகப் பிரிந்துவிடுகிறது. டிரம்முக்குள் ஆவி பீறிட்டு மேலேறுகிற கொந்தளிப்பில் அந்தத் துளிகள் சுழன்று உருண்டு, ஒன்றோடொன்று கலப்பதற்குள் கரியாகி விடுகின்றன. மெதுவாகப் பிரிந்திருந்தால் தேங்கி, ஒன்றாகி, பாளமாக இறுகியிருக்கும். மெக்சிகோவின் மாயா, வெனிசுவேலாவின் ஒரினோகோ போன்ற கனமான கச்சா எண்ணெய்கள் உருண்டைக்குப் பேர்போனவை. ஆலைக்காரர்களின் பேராசைக்கும் இதில் பங்கு உண்டு. டிரம் அழுத்தத்தைக் குறைத்தால் எண்ணெய் கூடுதலாகக் கிடைக்கும் என்று குறைக்கிறார்கள். அரோமேட்டிக் எண்ணெயும் சேர்ந்து ஆவியாகிப் போய்விட, உருண்டை கட்ட இன்னும் வசதியாகிவிடுகிறது.

உருண்டைகள் தனித்தனியாக இருந்தால்கூடப் பரவாயில்லை. பாதி உதிரி, பாதி பாளம் என்று கலந்து கிடப்பதுதான் பொல்லாதது. ஆற்றுவதற்கு விட்ட தண்ணீர் உதிரிப் பகுதியில் வழி கண்டுபிடித்து ஓடிவிடும், பாளத்தின் வயிற்றில் சூடு அப்படியே இருக்கும். வெட்டும் தாரை அங்கே எட்டும்போது வெந்நீரும் நீராவியும் பொங்கி மேலே அடிக்கும்.

ஆறாத டிரம் எவ்வளவு ஆபத்தானது என்பதை 1998 நவம்பரில் அமெரிக்காவின் அனகோர்ட்டஸில் உலகம் பார்த்தது. அங்கே ஷாட் கோக் காரணமல்ல. புயலில் மின்சாரம் போய், நிரம்பிக்கொண்டிருந்த டிரம்முக்கு நீராவியும் தண்ணீரும் கொடுக்க முடியாமல் போனது. தானாக ஆறியிருக்கும் என்று நம்பி மறுநாள் திறந்தார்கள். வெளியே இறுகி, உள்ளே உருகிய நிலையில் இருந்த கசடு கொட்டித் தீப்பற்றியதில் 6 பேர் இறந்தார்கள். கரிக்குள் சூடு எவ்வளவு காலம் தங்கும் என்பதை யாரும் சரியாகக் கணிக்கவில்லை. அடிக்கதவுக்குப் பக்கத்தில் ஆளே நிற்காமல், தூரத்திலிருந்து பொத்தானை அழுத்தித் திறக்கும் பெரிய வழுக்குக் கதவுகள் அதற்குப் பிறகு பல ஆலைகளுக்கு வந்தன.

இனி சேர்மானங்களுக்கு வருவோம். உருண்டையைப் பாளமாக்க அதிகம் கைகொடுப்பது புட்டிக் கெமிக்கல் எதுவும் அல்ல, ஆலையிலேயே கிடைக்கும் இன்னோர் எண்ணெய். வினையூக்கி வைத்து எண்ணெயை உடைக்கும் பிரிவின் அடியில் மிஞ்சும் கறுப்புத் திரவத்துக்கு 'ஸ்லரி ஆயில்' என்று பெயர். அதில் அரோமேட்டிக் வளையங்கள் ஏராளம். கசட்டில் இதைக் கொஞ்சம் கலந்தால், மொட்டைத் தகடுகளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கரைந்திருக்க இடம் கிடைக்கிறது. பிரிவது தாமதமாகிறது, துளிகள் பாளமாகின்றன. நல்ல வழிதான், ஆனால் சும்மா கிடைப்பதில்லை. ஸ்லரி ஆயிலும் ஓரளவு கோக்காகும், டிரம்மில் இடத்தை அடைக்கும். அதில் மிதக்கும் வினையூக்கித் தூசு கோக்கின் சாம்பலைக் கூட்டும். ஸ்லரி ஆயில் இல்லாத நேரத்தில் டிரம் அழுத்தத்தை ஏற்றியும், கனமான எண்ணெயைத் திருப்பித் திருப்பி உள்ளே அனுப்பியும் இதே பலனைப் பெறலாம். அப்போது எண்ணெய் விளைச்சல் அடிவாங்கும்.

புட்டியில் வரும் சேர்மானங்களில் கோக்கர் உலகமே அறிந்தது நுரையடக்கி. பதநீர் காய்ச்சுகிறவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நுரை விளிம்பைத் தொடப்போகிறது என்று கண்டால் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுவார்கள், நுரை அடங்கிவிடும். கோக் டிரம்முக்குள்ளும் கரியின் தலைமேல் பல மீட்டர் உயரத்துக்கு நுரை நிற்கும். அது ஏறி ஆவிக்குழாய்க்குள் புகுந்துவிட்டால் குழாயே கரியால் அடைபடும், அடுத்துள்ள வடிகோபுரமும் நாறிப்போகும். டிரம்முக்குள் எட்டிப் பார்க்க வழியில்லை. சுவருக்கு வெளியே பொருத்திய கதிரியக்க அளவிகள் நுரை எந்த உயரத்துக்கு வந்திருக்கிறது என்று காட்டும். டிரம் நிரம்பி வரும் கடைசி மணி நேரங்களில் டீசலில் கரைத்த சிலிக்கோன் திரவத்தை மேலிருந்து செலுத்துவார்கள். மில்லியனில் சில பங்குதான். அது குமிழியின் சுவரில் பரவி, சுவரை மெலியவைத்து உடைத்துவிடும்.

பதநீரில் போட்ட ஆமணக்கு வெல்லத்தோடு போய்விடும், யாருக்கும் கேடில்லை. சிலிக்கோன் அப்படியல்ல. அந்தச் சூட்டில் அது சிறு வளையங்களாக உடைந்து நாஃப்தாவோடு ஆவியாகக் கிளம்பும். நாஃப்தாவைச் சுத்தம் செய்யும் அடுத்த பிரிவில் விலையுயர்ந்த வினையூக்கி காத்திருக்கிறது. சிலிக்கான் அதன் நுண்துளைகளில் படிந்து அதைக் கொல்லும், நஞ்சேறிய வினையூக்கியை மீட்கவும் வழியில்லை. நுரையைக் கட்டுப்படுத்தும் ஆபரேட்டர் ஒரு பிரிவில், நஞ்சேறிய வினையூக்கியை மாற்றச் சொல்லி எழுதும் பொறியாளர் இன்னொரு பிரிவில். இந்த இருவருக்கும் இடையிலான சண்டைதான் கோக்கர் சேர்மானங்களின் முழுக்கதையும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. டிரம்முக்குள் போட்ட எதுவும் மாயமாக மறைவதில்லை. ஆவியோடு போகும், இல்லையென்றால் கரியோடு போகும். சூட்டில் எளிதில் உடையாத, பாகு போன்ற கெட்டியான சிலிக்கோனைத் தேர்ந்தெடுத்துக் குறைவாகப் போடுவதுதான் இப்போதைக்குச் சமரசம்.

இனி எதிர்த்திசை ஆட்கள். 2000களில் எக்ஸான்மொபில் ஆய்வாளர்கள் வரிசையாகக் காப்புரிமைகள் பெற்றார்கள். நோக்கம், டிரம்மில் உள்ளதெல்லாம் உதிரி உருண்டைகளாகவே அமைய வேண்டும் என்பது. காரணம் நேரம். பல ஆலைகளில் மொத்த ஓட்டத்துக்கும் கழுத்தை நெரிப்பது கோக்கர்தான். டிரம்மை ஆற்றி, வெட்டி, மூடி, மறுபடி சூடேற்றுவதில் போகும் மணிகளில் ஒன்றிரண்டு மிச்சமானாலே ஆண்டுக்குப் பல ஆயிரம் டன் கூடுதலாகக் கையாளலாம். முழுக்க உதிரியாக இருந்தால் தண்ணீரும் சீராகப் பரவும், வெட்டவே வேண்டியதில்லை. அடிக்கதவைத் திறந்தால் தானே கொட்டும். கதவருகே ஆள் நிற்காத காலம் வந்துவிட்டதால் சரிவைக் கண்டு பழையபடி பயப்படவும் வேண்டாம்.

இதற்காக அவர்கள் முயன்ற சேர்மானங்களில் முக்கியமானவை உலோகக் கூட்டுப்பொருள்கள். வனேடியம், நிக்கல், இரும்பு, சோடியம், கால்சியம் போன்றவற்றை எண்ணெயில் கரையும் வடிவில் சேர்ப்பது. இயல்பாகவே உலோகம் மிகுந்த கசடுகள் உருண்டை கட்டுகின்றன என்பதே இதற்குத் தூண்டுதல். எண்ணெய்க்குள் வனேடியம் எப்படி வந்தது என்பது தனிக்கதை. 1930களில் ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் ட்ரைப்ஸ் பெட்ரோலியத்தில் உலோகம் பொதிந்த போர்ஃபிரின்களைக் கண்டார். பச்சையத்தின் நடுவே இருக்கும் வளையக் கட்டமைப்பே அது. மக்னீசியம் இருந்த இடத்தில் வனேடியமோ நிக்கலோ வந்து உட்கார்ந்திருந்தது. எப்போதோ வெயில் குடித்த பாசியின் சுவடுதான் இன்று டிரம்மில் கரி எந்த வடிவில் கட்டும் என்பதிலும் கைவைக்கிறது.

எளிதில் கிடைக்கும் காஸ்டிக் சோடாவும் உருண்டைக்கு உதவும். ஆனால் எங்கே சேர்க்கிறோம் என்பதில் உயிர் இருக்கிறது. கசடு உலைக்குள் போகும் முன்பே சோடியம் கலந்துவிட்டால், கரி டிரம் வரைக்கும் காத்திருக்காது, உலைக்குழாயிலேயே கட்டத் தொடங்கிவிடும். கச்சா எண்ணெயில் ஒட்டிவரும் உப்பைக் கழுவித் தள்ளுவதற்குச் சுத்திகரிப்பு ஆலையின் வாசலிலேயே தனிக் கருவி வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குழாயின் உள்சுவரில் கரி படிந்தால் வெளிச்சுவர் பழுக்கச் சூடேறும். ஒரு வரம்புக்கு மேல் போனால் உலையை நிறுத்தி, முட்கள் பதித்த உருளைகளைத் தண்ணீர் அழுத்தத்தில் குழாய்க்குள் ஓடவிட்டுச் சுரண்ட வேண்டும். அதனால் இந்த வகைச் சேர்மானங்களை உலைக்கும் டிரம்முக்கும் நடுவில் உள்ள குழாயில்தான் செலுத்தப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தாலும் சோடியம் கோக்கில் தங்கும். சூளையில் எரிக்கும்போது செங்கல் சுவரை அரிக்கும். மின்முனையாக்கினால் அது வேகமாகத் தீய்ந்து போகும்.

இன்னொரு வகைக் காப்புரிமைகள் கரியை விட்டுவிட்டு மேலே உள்ள ஆவியைக் குறிவைக்கின்றன. டிரம்மிலிருந்து கிளம்பும் ஆவியில் மிகக் கனமான பகுதி அடுத்த பிரிவுகளுக்குத் தொல்லை, அங்கேயும் வினையூக்கியில் கரியாகப் படியும். அந்தப் பகுதி வெளியேறும் முன்பே, டிரம்மின் மேற்புறத்தில் வினையூக்கித் துகள்களை எண்ணெயில் கலந்து தெளித்துப் பிடித்துவிட்டால் என்ன என்று கேட்கிறார்கள். துகளில் மோதிய கனமான மூலக்கூறு ஒன்று உடைந்து இலேசாகும், அல்லது அங்கேயே கரியாகிக் கீழே விழும். விலை கொடுத்துப் புது வினையூக்கி எதற்கு, ஆலை குப்பையில் போடும் பழையதே போதும் என்பது இதன் கவர்ச்சி. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இத்தகைய காப்புரிமைகளை நான் கொஞ்சம் தள்ளி வைத்தே பார்ப்பேன். உருண்டையா பாளமா என்பதை நிர்ணயிப்பதில் பாதி, டிரம்முக்குள் ஆவி எப்படிக் கொந்தளிக்கிறது என்பதில் இருக்கிறது. கைக்கு அடக்கமான ஆய்வுக்கூடப் பாத்திரத்தில் அந்தக் கொந்தளிப்பு இல்லை. அங்கே பலித்த மருந்து 9 மீட்டர் விட்டமுள்ள டிரம்மில் பலிக்கும் என்று எந்தக் காப்புரிமை அலுவலகமும் உத்தரவாதம் தருவதில்லை.

சேர்மானங்களால் முடியாதது ஒன்று உண்டு. கசட்டில் இருந்த கந்தகத்தில் கணிசமான பங்கும் உலோகம் ஏறக்குறைய அத்தனையும் கோக்கில்தான் வந்து சேரும். வடிவத்தை மாற்றலாம், இந்தக் கணக்கை மாற்ற முடியாது. 2017இல் உச்ச நீதிமன்றம் டெல்லியைச் சுற்றியுள்ள மாநிலங்களில் பெட்கோக் எரிப்பதற்குத் தடை போட்டபோது நீதிபதிகள் பார்த்தது கந்தகப் புகையை. உருண்டையாக எரிந்ததா, பாளமாக எரிந்ததா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை. சில வாரங்களில் சிமென்ட் ஆலைகளுக்குத் தடை தளர்ந்தது. சூளையில் உள்ள சுண்ணாம்பு அந்தக் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால்.

கோக் வகைகளில் மகுடம் வைத்தது ஊசிக் கோக். உடைத்துப் பார்த்தால் சவுக்கு விறகைப் பிளந்தது போல நீள நீளமான நார் வரிகள். 2,500 டிகிரிக்கு மேல் சூடாக்கி கிராஃபைட்டாக மாற்றினால், பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலைகளுக்கு மின்முனையாகும். சடாரென்று ஏறி இறங்கும் சூட்டில் வெடிக்காமல் தாங்குவது இதன் தனிக்குணம். லித்தியம் பேட்டரிகளின் எதிர்முனைக்கும் இப்போது இதைத் தேடுகிறார்கள்.

ஊசி வரிகள் எப்படி வருகின்றன என்ற புதிருக்கு விடை கிடைத்தது எண்ணெய் ஆலையில் அல்ல, ஆஸ்திரேலியாவின் ஒரு நிலக்கரிப் படுகையில். நியூ சவுத் வேல்ஸின் வாங்காவில்லி படுகையில், பக்கத்தில் பாய்ந்த எரிமலைக் குழம்பின் சூட்டில் நிலக்கரி ஓரிடத்தில் முழுக் கோக்காகவும் தள்ளிப்போகப் போக அரைகுறையாகவும் வெந்து கிடந்தது. அந்த அரைவேக்காட்டுப் பகுதியை நுண்ணோக்கியில் பார்த்த டெய்லர் என்ற ஆய்வாளர் அதில் நுண்ணிய கோளங்களைக் கண்டார். 1965இல் புரூக்ஸ் என்ற இன்னோர் ஆய்வாளரும் டெய்லரும் அவை திரவப் படிகம் என்று எழுதினார்கள். ஓடும் திரவம்தான், ஆனால் உள்ளே தகடுகள் ஒரே திசையில் அடுக்கி நிற்கின்றன. கோளங்கள் சாவகாசமாக ஒன்றோடொன்று கலந்து பெரிய ஏடுகளாகி, கிளம்பும் வாயு அவற்றை ஒரு பக்கமாக இழுத்துவிட, அந்த நிலையிலேயே இறுகினால் ஊசிக் கோக்.

அதற்குக் கச்சாப்பொருள் எது தெரியுமா? ஷாட் கோக் வராமலிருக்கக் கசட்டில் கலந்தோமே, அதே ஸ்லரி ஆயில். இந்தமுறை தனியாக, மெதுவாக, அழுத்தத்தில். இங்கே சேர்மானத்துக்கு வேலையே இல்லை, இருப்பதை எடுப்பதுதான் வேலை. எண்ணெயில் மிதக்கும் வினையூக்கித் தூசு, சில மைக்ரான் அளவே உள்ளது, கோளங்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு அவற்றைச் சேரவிடாமல் தடுத்துவிடும். பிறகு ஊசி வராது, மொசைக் தரை மாதிரி சில்லுச் சில்லாகத்தான் இறுகும். ஆகவே எண்ணெயை நாள்கணக்கில் தெளியவிட்டும் வடிகட்டியும் அந்தத் தூசை நீக்குகிறார்கள். ஆவியில் தெளித்துப் பார்க்கலாம் என்று அந்தக் காப்புரிமைகள் சொல்வதும் இதே தூசைத்தான்.